கூடவே வரும் தரவுத்தளம்: ஒரு சின்ன வரலாறு

செமஸ்டர் தேர்வு முடிந்து இப்போதுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்தான். ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து படியுங்கள். கணினித் துறையில் இல்லாதவர்களும் படிக்கலாம். முடிந்தவரை எளிமையாகவே எழுதியிருக்கிறேன்.

முதலில் என் சொந்தக் கதை, சோகக் கதை.

எங்கள் விடுதியில் மெஸ் 'டிவைடிங் சிஸ்டம்'. மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, யார் யார் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவார்கள். மெஸ் செயலாளர் என் அறைத்தோழன். நீள நோட்டில் கோடு போட்டு அவன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கணக்கு மொத்தமும் ஒரே ஒரு எஸ்கியூலைட் கோப்பில் இருக்கும். ஆறு மாதம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

அப்புறம்தான் எனக்கு ஆசை வந்தது. ஒவ்வொருவருக்கும் நாளுக்கு நாள் ஏறும் கூட்டுத்தொகையை அறிக்கையில் காட்ட வேண்டும். அதற்கு வசதியான ஒரு அம்சம் எஸ்கியூலைட்டில் 2018இல், 3.25 பதிப்பில் வந்துவிட்டது. ஆனால் நான் பயன்படுத்திய வரைகலைக் கருவித்தொகுப்புக்குள் இருந்த எஸ்கியூலைட் அதைவிடப் பழையது. அதனால் என்ன, புதிய எஸ்கியூலைட்டை இறக்கி என் நிரலோடு சேர்த்துவிட்டால் போயிற்று! சேர்த்தேன். விண்டோஸ் இருந்த என் மடிக்கணினியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. மெஸ் அலுவலகக் கணினியில் லினக்ஸ். அங்கே போட்ட மூன்றாம் நாள் திரையில் ஒரு வரி வந்தது: "டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு". தரவுத்தளக் கோப்பு சிதைந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக எடுத்த நகல் பதினோரு நாள் பழையது. மாதக் கடைசி. பில் போட்டாக வேண்டும். திட்டு வாங்கியது நானல்ல, என் அறைத்தோழன். "நோட்டுலயே எழுதியிருக்கலாம்டா" என்று அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அது போதாதா?

இரண்டு இரவு தூங்காமல் தேடிப் படித்ததில் காரணம் கிடைத்தது. கூடவே ஒரு வரலாறும் கிடைத்தது. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு.

கூட்டிக் கட்டும் பழக்கம் எப்படி வந்தது?

தரவுத்தளம் என்றதும் ஆரக்கிள் மாதிரி பெரிய சமாச்சாரங்கள்தான் நினைவுக்கு வரும். அவையெல்லாம் தனியாக ஓடும் சர்வர்கள். நம் நிரல் வாசலில் நின்று கேட்கும், சர்வர் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்கும். ஆனால் ஒரு முகவரிப் புத்தகத்துக்கோ மெஸ் கணக்குக்கோ சர்வர் வைப்பது கொசுவை அடிக்கப் பீரங்கி கொண்டுவருவது போல. அதனால் இன்னொரு வகை பிறந்தது: நிரலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும் தரவுத்தள லைப்ரரி.

இந்தக் குடும்பத்தின் தாத்தா, யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 1979இல் வந்த டிபிஎம். எழுதியவர் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனேதான். பிறகு 1991இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து பெர்க்லி டிபி வந்தது. அப்போது பெர்க்லிக்காரர்கள் தங்கள் பிஎஸ்டி யூனிக்ஸிலிருந்து ஏடி அண்ட் டி நிறுவனத்துக்குச் சொந்தமான நிரல்களை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டிருந்தார்கள். களைந்த இடத்தில் வைக்கச் சொந்தமாக ஒன்று வேண்டுமே! மார்கோ செல்ட்சர், கீத் பாஸ்டிக் போன்றவர்கள் சேர்ந்து உருவாக்கியது அது. 1996இல் நெட்ஸ்கேப் நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், அதை வளர்த்தெடுக்க ஸ்லீப்பிகேட் என்ற நிறுவனமே தொடங்கப்பட்டது.

இந்த வகை லைப்ரரியைப் பலர் ஒரு வினோதமான முறையில் பயன்படுத்தினார்கள். இயங்குதளத்தில் இருக்கும் பொதுப் பிரதியை நம்பாமல், லைப்ரரியின் மூலநிரலை அப்படியே நகலெடுத்துத் தங்கள் மென்பொருளின் மூலநிரலுக்குள் ஒரு அடைவாகப் போட்டுக்கொண்டார்கள். சோதித்துப் பார்த்த அதே பதிப்பு எங்கே போனாலும் கூடவே வரும் என்பது இதில் உள்ள வசதி. கல்யாணத்துக்குச் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி. ஆனால் சமையல்காரர் நம்முடையவர் என்றாலும், அடுப்பும் தண்ணீரும் அந்த ஊருடையவைதானே? தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஆர்பிஎம் பட்ட பாடு

ரெட்ஹேட் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு ஆர்பிஎம் தெரிந்திருக்கும். கணினியில் எந்தெந்த மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது என்ற பதிவேட்டை வைத்திருப்பது அதுதான். அந்தப் பதிவேட்டுக்கு அது பெர்க்லி டிபியைத் தன்னோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தது.

ஒரே சமயத்தில் பலர் பதிவேட்டைத் திறந்தால் குழப்பம் வராமலிருக்க, பெர்க்லி டிபி சில துணைக் கோப்புகளை நினைவகத்தில் பகிர்ந்து வைத்து அவற்றில் பூட்டு போடும். பூட்டு போட்ட நிரலை யாராவது நடுவில் கொன்றுவிட்டால்? பூட்டு அப்படியே கிடக்கும். அடுத்து வரும் ஆர்பிஎம் கட்டளை, திறக்காத கதவுக்கு முன் நிற்பவன் போலக் காலவரையின்றிக் காத்து நிற்கும். அந்தத் துணைக் கோப்புகளை அழித்துவிட்டுப் பதிவேட்டை மறுபடி கட்டு என்பது அந்தக் காலத்து லினக்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம்.

2003இல் இன்னொரு விசித்திரம். அதுவரை லினக்ஸில் இழைகளைக் கவனித்துக்கொண்டது லினக்ஸ்த்ரெட்ஸ் என்ற ஏற்பாடு. இழை என்றால், ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலைகள். ரெட்ஹேட் 9இல் அதற்குப் பதிலாக என்பிடிஎல் என்ற புதிய ஏற்பாடு வந்தது. கூட வந்த பெர்க்லி டிபியும் புதிய வகைப் பூட்டுகளை நம்பித் தொகுக்கப்பட்டது. அந்த வசதி இல்லாத கெர்னலைத் தாங்களே தொகுத்துப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஆர்பிஎம் திடீரென்று வேலை செய்யவில்லை. தரவுத்தளச் சூழலில் சேர முடியவில்லை என்று ஒரு பிழைச்செய்தி மட்டும் வரும். ஒரு சூழல் மாறியை வைத்துப் பழைய ஏற்பாட்டையே பயன்படுத்தச் சொன்னால் உயிர் வரும். பிழைச்செய்தியில் இழை பற்றியோ கெர்னல் பற்றியோ ஒரு வார்த்தை இருக்காது. இதை யார் போய்க் கண்டுபிடிப்பது?

இந்தக் கதையின் முடிவும் சுவாரசியமானது. 2006இல் ஸ்லீப்பிகேட்டை ஆரக்கிள் வாங்கியது. 2013இல் பெர்க்லி டிபியின் உரிம நிபந்தனைகள் கடுமையாகின. அதனால் லினக்ஸ் வெளியீடுகள் பல 5.3 பதிப்போடு நின்றுவிட்டன. மேலே ஏறவும் முடியாது, பழையதைப் பழுது பார்க்கவும் ஆளில்லை. கடைசியில் 2020இல் ஆர்பிஎம் 4.16இல் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்தும் வழி வந்தது. அதே ஆண்டு வந்த ஃபெடோரா 33இல் ஆர்பிஎம் பதிவேடு எஸ்கியூலைட்டுக்கு மாறியது.

போர்க்கப்பலில் பிறந்த குழந்தை

எஸ்கியூலைட்டை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஹிப். 2000ஆம் ஆண்டில் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் மூலம் அமெரிக்கக் கடற்படைக்கான ஒரு மென்பொருள் வேலையில் அவர் இருந்தார். போர்க்கப்பலில் அடிபட்டால் சேதத்தைச் சமாளிக்க உதவும் மென்பொருள் அது. அதன் பின்னால் இன்ஃபார்மிக்ஸ் என்ற பெரிய தரவுத்தள சர்வர் இருந்தது. சர்வர் படுத்துவிட்டால் மென்பொருளும் படுத்துவிடும். கப்பலில் அடிபட்ட நேரத்தில்தான் அது வேலை செய்தாக வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். சர்வரே இல்லாமல், நேரடியாக வன்தட்டில் இருக்கும் கோப்பைப் படித்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் எஸ்கியூலைட்.

முதல் பதிப்பு 2000 ஆகஸ்டில் வந்தது. அதன் அடியில் இருந்தது குனூ திட்டத்தின் ஜிடிபிஎம், அதாவது தாத்தா டிபிஎம்மின் பேரப்பிள்ளை. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் சொந்தமாகக் கோப்பு வடிவம் அமைத்துக்கொண்டார்கள். இப்போதும் புழக்கத்தில் உள்ள மூன்றாம் பதிப்பு 2004இல் வந்தது. 2007இல் மூலநிரல் கோப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து ஒரே சி கோப்பாகவும் தர ஆரம்பித்தார்கள். இன்று அந்த ஒரு கோப்பில் இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல். அந்தக் கோப்பை எடுத்து நம் நிரலோடு போட்டால் தீர்ந்தது வேலை. கூட்டிக் கட்டுவது இவ்வளவு சுலபமாக வேறெதிலும் இல்லை. நான் மாட்டிக்கொண்டதும் அந்தச் சுலபத்தில்தான்.

அந்த இரண்டு லட்சம் வரிகளில் இயங்குதளத்தோடு பேசும் பகுதிகளைத் திறந்து பார்த்தால், அது நிரல் மாதிரியே இருக்காது. ஊர் ஊராய்ப் போய் அடிபட்டு வந்த ஒருவரின் நாட்குறிப்பு மாதிரி இருக்கும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

யூனிக்ஸ் பூட்டு

போசிக்ஸ் தரத்தின்படி, ஒரு கோப்பின் மீது போடும் பூட்டு அந்த நிரலின் ஓட்டத்துக்குச் சொந்தம். எந்தத் திறப்பின் வழியாகப் போட்டோம் என்ற கணக்கு அதற்குக் கிடையாது. இதிலிருந்து இரண்டு கிறுக்குத்தனங்கள் பிறக்கின்றன. ஒன்று, ஒரே நிரல் ஒரே கோப்பை இரண்டு முறை திறந்தால் அந்த இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. இரண்டாவது இன்னும் மோசம்: இரண்டில் ஏதாவது ஒன்றை மூடினால் அந்தக் கோப்பின் மீது அந்த நிரல் வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் விழுந்துவிடும். வீட்டில் யாரோ ஒருவர் கொல்லைக் கதவைச் சாத்தினால் வாசல் பூட்டு தானாகத் திறந்துகொள்வது மாதிரி.

எஸ்கியூலைட் இதற்கு ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறது. தான் திறந்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் நிரலுக்குள் ஒரு பொதுப் பட்டியல் வைத்துக்கொண்டு, யாரிடம் என்ன பூட்டு என்று தானே கணக்குப் பார்க்கும். பூட்டு நிலுவையில் இருக்கும்போது ஒரு திறப்பை மூடச் சொன்னால், மூடியது போலக் காட்டிவிட்டு உண்மையான மூடலைத் தள்ளிப்போடும். இந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை: பட்டியல் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

என் நிரலில் எஸ்கியூலைட் பிரதிகள் இரண்டு இருந்தன. ஆகவே பட்டியலும் இரண்டு. புரிகிறதா?

லினக்ஸ்த்ரெட்ஸ்

ஆர்பிஎம் கதையில் வந்த அதே பழைய இழை ஏற்பாடுதான். அதில் ஒரு இழை போட்ட பூட்டை இன்னொரு இழையால் மாற்ற முடியாது. எஸ்கியூலைட் 2.2.3 தொடங்கி 3.6.23 வரை, நாம் ஓடும் இடத்தில் அந்தக் கோணல் இருக்கிறதா என்று ஓடும்போதே சோதித்து அதற்கேற்ப நடந்துகொண்டது. 2010இல் வந்த 3.7.0இல் அந்தச் சோதனையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் எல்லோரும் என்பிடிஎல்லுக்கு மாறியிருந்தார்கள். சரிதான், ஆனால் பழைய லினக்ஸ் ஓடும் ஏதோ ஒரு கருவியில் புதிய பிரதியைக் கொண்டுபோய் வைப்பவருக்கு? முன்பு அங்கே ஒரு தடுப்புச் சுவர் இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. புதிய பதிப்பு என்றால் கூட்டல் மட்டுமல்ல, கழித்தலும் உண்டு.

விண்டோஸ்

விண்டோஸில் பூட்டு என்றால் நிஜப் பூட்டு. பூட்டிய பைட்டுகளை மற்றவர்கள் படிக்கவே முடியாது. அதனால் பூட்டு போடும் இடத்தில் தரவை வைக்கக் கூடாது. எஸ்கியூலைட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோப்பின் சரியாக 1 ஜிபி தூரத்தில், அதாவது 1073741824ஆம் பைட்டிலிருந்து 512 பைட்டுகளைப் பூட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். பெரும்பாலான கோப்புகள் அவ்வளவு பெரிதாக வளராது. கோப்பின் முடிவுக்கு அப்பாலும் பூட்டு போடலாம் என்பதால் பிரச்சினையில்லை. வளர்ந்துவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டுத் தாண்டிப் போகும். கோப்பை எங்கே எடுத்துப் போனாலும் திறக்க வேண்டும் என்பதால் லினக்ஸிலும் மேக்கிலும்கூட அந்தப் பக்கம் காலிதான். விண்டோஸின் குணம், விண்டோஸையே பார்க்காத கணினிகளின் கோப்புகளிலும் ஒரு காலிப் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது!

விண்டோஸ் 95, 98 வகையறாக்களில் பலர் சேர்ந்து படிப்பதற்கான பகிர்வுப் பூட்டே கிடையாது. அதற்கும் வழி கண்டார்கள். 510 பைட்டுகளை ஒதுக்கி, படிக்க வருபவர் அவற்றில் ஏதாவது ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். எழுத வருபவர் 510ஐயும் பூட்ட வேண்டும். ஒரு பைட் யாரிடமாவது இருந்தாலும் எழுத முடியாது.

இன்னொரு விண்டோஸ் தொல்லை, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள். எஸ்கியூலைட் ஒரு கோப்பை உருவாக்கிய அடுத்த நொடியில் அவை வந்து திறந்து மோப்பம் பிடிக்கும். அந்த நேரம் பார்த்துக் கோப்பை அழிக்கவோ எழுதவோ போனால் அனுமதி மறுக்கப்படும். எனவே விண்டோஸில் மட்டும் தோல்வி வந்தால் உடனே கைவிடாமல், 25 மில்லி நொடியில் தொடங்கி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 10 தடவை வரை முயன்று பார்க்கும்.

வைரஸ் எதிர்ப்பு என்றதும் ஒரு வேடிக்கைக் கதை. எஸ்கியூலைட்டின் தற்காலிகக் கோப்புகளின் பெயர் முன்பு 'எஸ்கியூலைட்' என்றே தொடங்கும். மெக்கஃபி நிறுவனம் தன் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளில் எஸ்கியூலைட்டைச் சேர்த்தபோது, பயனர்களின் தற்காலிக அடைவில் இந்தப் பெயர்கள் முளைத்தன. எரிச்சலடைந்தவர்கள் இது என்னடா என்று கூகிளில் தேடி, உருவாக்கியவர்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, நடுராத்திரியில் எழுப்பித் திட்டினார்களாம். அதனால் 2006இல் அந்தப் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பி 'எடில்க்ஸ்' என்று வைத்துவிட்டார்கள். காரணம் இன்றும் மூலநிரலில் குறிப்பாக இருக்கிறது. யாராவது எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டால் என்ன ஆகும் :-)

மேக்

'இதை வன்தட்டில் எழுதி முடித்துவிட்டுச் சொல்' என்று இயங்குதளத்திடம் கேட்க எஃப்சிங்க் என்ற கட்டளை இருக்கிறது. மேக்கில் அது தரவை வன்தட்டிடம் ஒப்படைத்ததும் 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். வன்தட்டு தன் உள் நினைவகத்தில் வைத்துக்கொண்டு இன்னும் நிஜமாக எழுதாமல் இருக்கலாம். அந்த நேரம் கரண்ட் போனால் போச்சு. நிஜமாகவே எழுதவைக்க வேறொரு தனிக் கட்டளை உண்டு, ஆனால் மெதுவானது. எஸ்கியூலைட்டில் அதற்கொரு அமைப்பு இருக்கிறது. இயல்பாக அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வேகமா பத்திரமா என்று முடிவெடுக்க வேண்டியவர் கூட்டிக் கட்டுபவர்தான். ஆனால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாதவர் எப்படி முடிவெடுப்பார்?

ஃபயர்பாக்ஸ் 3 தந்த பாடம்

இதே எஃப்சிங்க் 2008இல் வேறு வடிவத்தில் வந்தது. அந்த ஜூனில் வெளியான ஃபயர்பாக்ஸ் 3, பார்த்த பக்கங்களின் வரலாற்றையும் புத்தகக்குறிகளையும் எஸ்கியூலைட்டில் சேமிக்க ஆரம்பித்தது. பக்கம் பார்க்கப் பார்க்க எஸ்கியூலைட் தன் கடமையைச் செய்து எஃப்சிங்க் கேட்கும். விண்டோஸில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. லினக்ஸில் மட்டும் சிலருக்கு உலாவி அவ்வப்போது பல நொடிகள் உறைந்து நின்றது.

காரணம், அப்போது லினக்ஸில் பரவலாக இருந்த இஎக்ஸ்டி3 என்ற கோப்பு முறைமை. அதன் வழக்கமான அமைப்பில், ஒரு கோப்பை மட்டும் எழுதச் சொன்னாலும் நிலுவையில் இருக்கும் மற்ற கோப்புகளின் தரவையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் திரும்பும். பின்னணியில் பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருந்தால் உலாவி அதற்கும் சேர்த்துக் காத்திருக்கும். ஃபயர்பாக்ஸ்காரர்கள் எஃப்சிங்க் கேட்கும் தடவைகளைக் குறைத்துச் சமாளித்தார்கள்.

இதில் தவறு யாருடையது? எஸ்கியூலைட் பத்திரமாக நடந்தது. இஎக்ஸ்டி3 தன் விதிப்படி நடந்தது. ஃபயர்பாக்ஸ் நல்ல லைப்ரரியைத்தான் தேர்ந்தெடுத்தது. மூன்றும் சரி, ஆனால் சேர்ந்தபோது தவறு. பின்விளைவும் உண்டு. எஃப்சிங்க் என்றாலே மெதுவு என்ற பயம் நிரலாளர்களிடம் பரவியது. அடுத்து வந்த இஎக்ஸ்டி4 எழுதுவதை இன்னும் தாமதிக்கும் வகை. 2009இல் அதைச் சோதித்தவர்களில் சிலருக்கு, கணினி திடீரென்று நின்று மறுபடி கிளம்பியபோது அமைப்புக் கோப்புகள் வெறுமையாகக் கிடந்தன. எஃப்சிங்கைக் கண்டு பயப்படாதீர்கள் என்று இஎக்ஸ்டி4ஐப் பராமரித்த டெட் சோவே எழுத வேண்டியதாயிற்று.

அப்படியானால் மேம்படுத்தாமலே இருந்துவிடலாமா?

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓடுகிறதைத் தொடாதே என்று நம் ஆட்கள் சொல்வார்களே. ஆனால் அதுவும் முடியாது. 2018 டிசம்பரில் டென்சென்ட் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு எஸ்கியூலைட்டில் கண்டுபிடித்த ஓட்டைகளை மெகல்லன் என்ற பெயரில் அறிவித்தது. எஸ்கியூலைட்டைத் தன்னுள் வைத்திருந்த குரோம் உலாவியும் பாதிக்கப்பட்டிருந்தது. எஸ்கியூலைட் 3.26.0இலும் குரோம் 71இலும் சரி செய்தார்கள். ஆனால் இயங்குதளத்தின் பொதுப் பிரதியை மட்டும் மாற்றினால் கூட்டிக் கட்டிய பிரதிகள் மாறாது. அவற்றை ஒவ்வொரு மென்பொருள்காரரும் தனித்தனியாக மாற்ற வேண்டும். லினக்ஸ் வெளியீடுகளை நடத்துபவர்கள் கூட்டிக் கட்டுவதை வெகுகாலமாக எதிர்த்து வருவதற்குக் காரணம் இதுதான்.

மாற்றும்போது ஒரு பிரதியை மாற்றி இன்னொன்றை மறந்தாலும் ஆபத்து. 3.7.0இல் வால் என்ற புதிய எழுதும் முறை வந்தது. ஒரு கோப்பை அந்த முறைக்கு மாற்றிவிட்டால் 3.7.0க்கு முந்தைய எஸ்கியூலைட்டால் அதைத் திறக்க முடியாது. இது தரவுத்தளமே இல்லை என்று சொல்லிவிடும். மேலும் வால் முறைக்குப் பகிர்ந்த நினைவகம் தேவை என்பதால், கோப்பைப் பிணைய அடைவில் வைத்துப் பல கணினிகளிலிருந்து திறப்பது நடக்காது.

என் கோப்புக்கு என்ன நடந்தது?

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஆனாலும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்கியூலைட் வழக்கமான முறையில் ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன் அதன் பழைய நிலையை ஒரு துணைக் கோப்பில் எழுதி வைக்கும். நடுவில் கரண்ட் போனால், அடுத்து வருபவர் அந்தத் துணைக் கோப்பைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவார். 'யாரோ இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்களா, இல்லை பாதியில் செத்துப்போனார்களா' என்பதை அவர் பூட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்.

என் நிரலில் கருவித்தொகுப்பின் பிரதி வருகையை எழுதிக்கொண்டிருக்கும்போது, நான் சேர்த்த புதிய பிரதி அறிக்கைக்காக அதே கோப்பைத் திறந்தது. துணைக் கோப்பு இருப்பதைப் பார்த்தது. பூட்டு இருக்கிறதா என்று லினக்ஸைக் கேட்டது. பூட்டு வைத்திருப்பதும் கேட்பதும் ஒரே நிரல் என்பதால் 'உன்னைத் தடுக்க யாருமில்லை' என்றது லினக்ஸ். சரி, யாரோ பாதியில் செத்துப்போயிருக்கிறார்கள் என்று நினைத்துப் புதிய பிரதி நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பியது. அந்தப் பக்கம் பழைய பிரதி எழுதிக்கொண்டே இருந்தது. இரண்டு நல்லவர்கள் சேர்ந்து ஒரு கோப்பைக் கொன்றார்கள்.

விண்டோஸில் ஏன் வரவில்லை? அங்கே பூட்டு ஒவ்வொரு திறப்புக்கும் தனி. ஒரே நிரலுக்குள் இருந்தாலும் ஒன்று இன்னொன்றைத் தடுக்கும். என் மடிக்கணினியில் ஒரு வாரம் அல்ல, ஒரு வருடம் ஓட்டியிருந்தாலும் இந்தத் தவறு தெரிந்திருக்காது.

ஒரே நிரலில் இரண்டு பிரதிகள் வைத்து ஒரே கோப்பைத் திறக்காதீர்கள் என்று எஸ்கியூலைட்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. தரவுத்தளத்தைச் சிதைப்பது எப்படி என்ற தலைப்பில் ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள். புதிய பதிப்பில் என்ன புதிது என்ற பக்கத்தைத்தான் நான் ஆசையாகப் படித்தேன். சிதைப்பது எப்படி என்பதைச் சிதைத்த பிறகு படித்தேன்.

எஸ்கியூலைட்டோடு வரும் மீட்புக் கட்டளையை வைத்துப் பெரும்பகுதியை எடுத்துவிட்டேன். மீதிக்கு அறைத்தோழனும் நானும் அறை அறையாகப் போய், "எந்தெந்த நாள் ஊருக்குப் போனீர்கள்?" என்று கேட்டு எழுதினோம். பில் நான்கு நாள் தாமதமாகப் போனது. பிறகு கருவித்தொகுப்பின் பிரதியைத் தொடாமல், எல்லா வேலையும் நான் சேர்த்த ஒரே பிரதி வழியாக நடக்கும்படி நிரலை மாற்றி எழுதினேன். லினக்ஸில் இரண்டு வாரம் சோதித்த பிறகே கொடுத்தேன்.

மூலநிரல் அடைவில் ஒரு சின்ன உரைக்கோப்பும் வைத்திருக்கிறேன். எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, ஏன் மாற்றினேன், எந்தெந்த இயங்குதளத்தில் சோதித்தேன், இரண்டாவது பிரதி ஏன் கூடாது என்று எட்டு வரிகள். அடுத்த வருடம் வேறு யாராவது இதைக் கையில் எடுப்பார்கள். அவர்களுக்கும் என்னைப் போல ஒரு புதிய அம்சத்தின் மீது ஆசை வரும்.

மென்பொருள் இப்போதும் ஓடுகிறது. அறைத்தோழன் மட்டும் பக்கத்தில் நீள நோட்டையும் திறந்தே வைத்திருக்கிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.